‘ம்’ இல்லாத ஒரு மதியம்

கதை சொல்கிறவர்களைத்தான் உலகம் பாராட்டுகிறது. ‘ம்’ கொட்டுகிறவனை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் ‘ம்’ நின்றால் கதையும் நின்றுவிடும். நம்பாதவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். யாராவது ஆசையாக எதையாவது சொல்லிக்கொண்டிருக்கும்போது ‘ம்’ சொல்லாமல் இருந்து பாருங்கள். கொஞ்ச நேரம் தாங்குவார்கள். அப்புறம், "கேக்குறியா இல்லியா?" என்று முறைப்பார்கள். நான் அந்தச் சோதனையை ஃபோனில் செய்துவிட்டேன். ஃபோனில் முறைக்க முடியாது. அதனால்தான் அன்றைக்கு அவ்வளவும் நடந்தது.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அண்ணனூர் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு டூவீலர் ஸ்டாண்டில் வேலை பார்க்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. சின்ன வயதிலிருந்தே கூச்சம் அதிகம். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்கு நான் சொல்லும் "உள்ளேன் ஐயா" வாத்தியார் காதுக்குப் போய்ச் சேராது. எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் பல நாள் நான் ‘ஆப்சென்ட்’. பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார் ஒவ்வொன்றாகக் கேட்டார், எல்லாவற்றுக்கும் ‘ம்’ என்றேன். "ஒரு ‘ம்’ நம்பி கழுத்த நீட்டிட்டேன்" என்று என் மனைவி வசந்தி இன்றைக்கும் சொல்வாள். (நீட்டியதற்கும் நான் ‘ம்’தான் சொன்னேன்.) ஸ்டாண்டு வேலை எனக்குப் பிடித்ததற்குக் காரணமே வண்டிகள் கேள்வி கேட்காது என்பதுதான்.

ஆனால் ‘ம்’ கொட்டுவதில் எங்கள் குடும்பத்தில் என்னை அடிக்க ஆள் இல்லை. மேலே ஏறுகிற ‘ம்?’ என்றால் ‘அப்புறம்?’ என்று பொருள். கீழே இறங்குகிற ‘ம்ம்…’ என்றால் ‘ஐயோ பாவம்’. சின்னதாக வெட்டி விடுகிற ‘ம்’ என்றால் ‘புரியுது, நீ நிக்காம போ’. சண்டை போட்டுக்கொண்ட உறவுக்காரர்கள் இரண்டு பேருமே எனக்கு ஃபோன் செய்வார்கள். இரண்டு பேருமே, "பாஸ்கரு நம்ம பக்கம்தான்" என்று நினைத்துக்கொண்டு வைப்பார்கள்.

என் ‘ம்’முக்கு நிரந்தர வாடிக்கையாளர் தணிகாசலம் மாமா. அம்மாவின் தம்பி. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் டெலிஃபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எக்ஸ்சேஞ்ச் பலகையில் ஒயர்களைப் பிடுங்கி, சொருகி, ஒருவரை இன்னொருவரோடு பேச வைக்கிற வேலை. நேரில் பார்த்தால் மாமாவும் என்னைப் போலத்தான். கல்யாண வீட்டில் தூண் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். நாங்கள் இரண்டு பேரும் நேரில் சந்தித்தால், "வா", "வரேன்" என்பதோடு சரி. ஆனால் ஃபோனைக் கையில் கொடுத்துவிட்டால் அவர் வேறு ஆள். குரல் வழவழவென்று, விளக்கெண்ணெய் தடவிய மாதிரி இறங்கும். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் ஃபோன் செய்வார், நான் ‘ம்’ கொட்டுவேன். ஆவடிக்கும் அண்ணனூருக்கும் நடுவில் இருக்கிற கொஞ்ச தூரம்தான் எங்கள் உறவுக்கு வேண்டியிருந்தது.

அவர் சொல்லும் கதைகளில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அதில் என் அப்பா பேசுவார்.

அப்பா எனக்கு இரண்டு வயது ஆவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். அதே தொழிற்சாலையில், இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அடிக்கிற பிரிவில் இருந்தார். ஒரு ஃபோட்டோ இருக்கிறது. குரல் இல்லை. மாமா மட்டும் அந்தக் குரலைத் தினமும் லைனில் கேட்டவர். அப்பா எக்ஸ்சேஞ்சுக்குக் கூப்பிட்டால் ‘ஹலோ’ சொல்ல மாட்டாராம். எடுத்த எடுப்பில், "இருக்கியா?" என்பாராம். கதையில் அந்த இடம் வரும்போது மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "இருக்கியா மச்சான்?" என்பார். சினிமா கதாநாயகன் மாதிரி இருக்கும். எனக்கு முதுகில் யாரோ கை வைத்த மாதிரி இருக்கும். ‘ம்’கூட மெதுவாகத்தான் வரும்.

போன வருடம் மாமாவுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. சோதித்துப் பார்த்து, பயப்படும்படியான கட்டி இல்லை, ஆனால் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். எடுத்த பிறகு குரல் பழையபடி இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார்கள். எல்லாரும், "உசுருக்கு ஒண்ணும் இல்லியே, அது போதும்" என்றார்கள். நானும் ‘ம்’ என்றேன். ஆனால் எனக்கு உள்ளுக்குள் வேறொரு கணக்கு ஓடியது. மாமா குரல் போனால் அதற்குள் இருக்கிற அப்பா குரலும் போய்விடும். இதை யாரிடம், எப்படிச் சொல்வது?

சொல்லாமலே என் மகள் கீர்த்தனா கண்டுபிடித்துவிட்டாள். அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். "ஆவடி தாத்தா பேசறத ரெக்கார்டு பண்ணி வச்சுக்கலாம்ப்பா" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கூட்டிக்கொண்டு போய், மாமாவை நாற்காலியில் உட்கார வைத்து, எதிரில் ஃபோனை நிமிர்த்தி வைத்தாள். மாமா சட்டைப் பித்தானை மேல் வரைக்கும் போட்டுக்கொண்டார். பாஸ்போர்ட் ஃபோட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தார். "என் பெயர் தணிகாசலம்" என்றார். கொஞ்ச நேரம் யோசித்து, "ஓய்வு" என்றார். அப்புறம் தண்ணீர் கேட்டார். ரெக்கார்டிங் அவ்வளவுதான்.

"ஃபோன்ல பேசச் சொல்லு, கொட்டுவாரு" என்றாள் வசந்தி. "இவர் ‘ம்’ கொட்டட்டும். அந்த வேலைக்கு இவர விட்டா ஆளு ஏது?"

வாழ்க்கையில் முதல்முறையாக என் தகுதிக்கு ஏற்ற ஒரு பொறுப்பு வந்தது. கீர்த்தனா என் ஃபோனில் பதிவுக்கான வசதியைக் காட்டிக் கொடுத்தாள். அடுத்த ஞாயிறு மாமாவைப் பேச வைத்து, பதிவு செய்து, பெருமையாக அவளிடம் நீட்டினேன். கேட்டாள். முகம் ஒரு மாதிரி ஆனது.

"ப்பா, தாத்தா பேசறதே கேக்கல. உன் ‘ம்’தான் கேக்குது. பக்கத்துல எரும கட்டி வச்ச மாதிரி கீது."

எனக்கும் போட்டுக் காட்டினாள். உண்மைதான். மாமா தூரத்தில் எங்கோ சன்னமாகப் பேசுகிறார். நான் கிட்ட நின்று அசைபோடுகிறேன். இத்தனை வருடம் நான் ரசனையோடு கொட்டிய ‘ம்’ இப்படித்தான் இருந்திருக்கிறதா என்று கூசிப் போனேன்.

"இதோ பாரு, மைக் படத்து மேல கோடு போட்டு ஒரு பட்டன் இருக்குல்ல? லைன் கெடச்சதும் இத அமுக்கிடு. நீ பேசறது அங்க போகாது, ரெக்கார்டும் ஆகாது. தாத்தா குரல் மட்டும் சுத்தமா வரும். நீ கம்முனு கேளு. எதையும் தொடாத."

கம்மென்று இருப்பது எனக்குக் கஷ்டமா? ‘ம்’ என்றேன். மாமாவிடம் இதைச் சொல்லி வைக்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

மாமா மருத்துவமனையில் சேர வேண்டிய நாளுக்கு முதல் நாள் மதியம். கடைசி வாய்ப்பு அதுதான். "நீ பொறந்த கதைய முழுசா சொல்றேன்டா. நடுவுல நிறுத்த மாட்டேன்" என்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

எங்கள் ஸ்டாண்டில் மதியம் என்றால் அது ஒரு தனி உலகம். காலையில் வண்டியைத் தள்ளிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினவர்கள் எல்லாம் எங்கெங்கோ வேலையில் இருப்பார்கள். அவர்களுடைய வண்டிகள் மட்டும் தகரக் கூரைக்குக் கீழே தோளோடு தோள் சாய்ந்து தூங்கும். கண்ணாடிகளில் புங்க மரத்து இலைகள் அசையும். ஆள் ஏற்றாத ரயில் ஒன்று ஷெட்டுக்கு மெதுவாகப் போகும். ஜன்னலுக்கு ஜன்னல் வெயில் மட்டும் உட்கார்ந்திருக்கும். சத்தம் என்றால், எதிர் டீக்கடையில் மணி பாத்திரம் கழுவுவதுதான். அந்த நேரத்தில் நாமும் யாரோ நிறுத்திவிட்டுப் போன வண்டிதானோ என்று எனக்குத் தோன்றும்.

வரிசையின் முதல் வண்டியில் சாய்ந்துகொண்டு, ஃபோனைக் காதில் வைத்தேன். பதிவுப் பட்டனை அமுக்கியதும், "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று ஒரு பெண் குரல் சொன்னது.

"நன்றிங்க மேடம்" என்றார் மாமா. (பதிவுசெய்த குரல் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் ஆபரேட்டருக்கு ஆபரேட்டர் ஒரு மரியாதை.) "டேய் பாஸ்கரு, ஆரம்பிக்கட்டா?"

"ம். ஆரம்பிங்க மாமா" என்றேன். சொல்லிவிட்டு, கோடு போட்ட பட்டனை அமுக்கினேன்.

"அன்னிக்கி மழைடா. ஏரி ஒடஞ்சி தலைல ஊத்தற மாதிரி மழ. லைன் எல்லாம் கொரகொரன்னு இருக்கு. நான் போர்டுல தனியா ஒக்காந்திருக்கேன். மெயின் கேட்டுலேருந்து ஒரு கால். இன்னான்னு கேட்டா, குவார்ட்டர்ஸ்லேருந்து பக்கத்து வீட்டம்மா நனைஞ்சிக்கிட்டு ஓடி வந்திருக்கு. உங்கம்மாவுக்கு வலி எடுத்து, வண்டி வர்றதுக்குள்ள வீட்லயே பொறந்துருச்சு, ஆம்பளப் புள்ளன்னு சொல்லுது."

நான் தலையாட்டினேன். ‘ம்’ இல்லாத குறையைத் தலையில் தீர்த்துக்கொண்டேன். கண்ணை விரித்தேன், உதட்டைச் சுழித்தேன், ‘அடடா’ என்று கையைக்கூட ஆட்டினேன். டீக்கடை மணி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி பாத்திரத்துக்குத் திரும்பினான்.

"உங்கப்பனுக்குச் சொல்லணும். அவன் ஷாப்புக்கு, அதான் அந்த இரும்படிக்கிற பட்டறைக்கு, ரிங் குடுக்கறேன், யாரும் எடுக்கல. எப்டி எடுப்பான்? சம்மட்டி எறங்குற சத்தத்துல பூமியே அதிரும், ஃபோன் மணியா கேக்கும்? அடிச்சிக்கிட்டே இருக்கேன். எடுக்கல. கேக்குறியா?"

தலையாட்டினேன்.

"…அப்ப ஒரு யோசன வந்துச்சு. அக்கம்பக்கத்து செக்‌ஷன் எல்லாத்துக்கும் ஒயர சொருகுனேன். எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல மணி அடிச்சேன். ‘எம் மச்சானுக்குப் புள்ள பொறந்துருச்சு, சம்மட்டிய நிறுத்தச் சொல்லுங்கய்யா’ன்னு எல்லார்கிட்டயும் கத்துனேன். ஒரு ஆள் ஓடறான், அவனப் பாத்து இன்னொரு ஆள் ஓடறான். பாஸ்கரு, சம்மட்டி நின்னுச்சுடா! அந்த அமைதி இருக்கே, எனக்கு ஃபோன்லயே தெரிஞ்சுது. கரெக்டா அப்ப லைன் எடுக்குறாங்க. உங்கப்பன். எடுத்ததும் இன்னா சொன்னான் தெரியுமா?"

மாமா நிறுத்தினார்.

இது ‘ம்?’ சொல்ல வேண்டிய இடம். உலகத்தில் எந்தக் கதை சொல்லியும் இந்த இடத்தில் ‘ம்?’ இல்லாமல் ஓர் எழுத்து நகர மாட்டான். எனக்குத் தெரியாதா? தெரியும். சொல்லவும் சொன்னேன். அது பட்டனுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது.

நானோ, மாமா வேண்டுமென்றே இழுக்கிறார், சம்மட்டி நின்ற அமைதியை எனக்குக் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணை மூடினேன். புங்க மரத்துக் காற்று முகத்தில் பட்டது. ஷெட்டுக்குப் போகிற ரயில் ஒன்று மிக மெதுவாகக் கடந்தது, அதன் தடதட எங்கோ தொலைவில் இரும்பு அடிப்பது மாதிரி இருந்தது. (நான் தூங்கவில்லை என்று இன்றுவரை சொல்லி வருகிறேன். வசந்தி இன்றுவரை நம்பவில்லை.) கண்ணுக்குள் ஒரு பெரிய பலகை தெரிந்தது. அதில் சின்னச் சின்ன விளக்குகள். மழை பெய்கிறது. ஒயர் ஒன்று நீண்டு, ஏரியைத் தாண்டி, தண்டவாளத்தைத் தாண்டி, என் காது வரைக்கும் வந்திருக்கிறது. அதன் அந்தக் கோடியில் ஃபோட்டோவில் இருக்கிற அதே சட்டையோடு அப்பா நிற்கிறார்.

அப்போது குரல் வந்தது.

"இருக்கியா?"

அடடா, வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"பாஸ்கரு… டேய் பாஸ்கரு… இருக்கியாடா?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். பிறந்து சில நிமிடங்களே ஆன எனக்கு அதற்குள் எப்படிப் பெயர் வைத்தார்கள் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. இத்தனை வருடத்தில் மாமா இவ்வளவு உருக்கமாக அப்பா குரலில் பேசியதே இல்லை. நடுக்கம்கூட இருந்தது. என்ன நடிப்பு, என்ன நடிப்பு! கண்ணோரம் ஈரமானது. சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

அதே நேரத்தில் ஆவடியில் என்ன நடந்தது என்பது பிறகு பதிவைக் கேட்டுத்தான் தெரிந்தது. மாமா ஃபோனை வைக்கவில்லை. லைனில் ஆள் இருக்கும்போது ஆபரேட்டர் தானாகத் துண்டிக்கக் கூடாதாம், அது அந்தத் தொழிலின் தர்மம். என்னை ஒரு காதில் வைத்துக்கொண்டே அத்தையின் ஃபோனை மறு காதில் வைத்துவிட்டார். அதற்கப்புறம் கேட்க வேண்டுமே!

"ஹலோ, வசந்தியாம்மா? தணிகாசலம். பதட்டப்படாத. உம் புருஷன் லைன்ல இருக்கான், ஆனா இல்ல. … அழாத, நம்பர் சொல்லு. ஸ்டாண்டு பக்கத்துல யாரு கடை? … ஹலோ, அண்ணனூர் டீக்கடையா? ஆவடிலேருந்து பேசறேன், அவசரம். … ஹலோ, அம்பத்தூரா? கீர்த்தனா, உங்கப்பன் பேச்சு மூச்சு இல்லம்மா. … பாஸ்கரு, டேய், இருக்கியாடா? வெக்காத, லைன்லயே இரு, ஆள் வருது…"

எதிர்க் கடையில் மணிக்கு ஃபோன் வந்தபோது அவன் பாத்திரத்தைப் போட்டுவிட்டு, ஒரு ஜக்கு தண்ணீரோடு ஓடி வந்திருக்கிறான். வந்து பார்த்தால் நான் வண்டியில் சாய்ந்து, கண் மூடி, காதில் ஃபோனோடு, கன்னத்தில் கண்ணீரோடு, புன்னகைத்துக்கொண்டிருக்கிறேன்.

"ஐயையோ! சிரிச்சிக்கினே பூட்டாருபா!" என்று அலறினான். அலறிவிட்டு, ஜக்கு முழுவதையும் என் முகத்தில் வீசினான்.

மழை பெய்துகொண்டிருந்த கனவில் நிஜமாகவே தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும்? துள்ளினேன். நான் சாய்ந்திருந்த வண்டி என் பாரம் திடீரென்று மாறியதில் தடுமாறி, பக்கத்து வண்டியின் மேல் சாய்ந்தது. அது அடுத்ததன் மேல். அவசரமே இல்லாமல், ஒன்றன் காதில் ஒன்று ரகசியம் சொல்கிற மாதிரி வரிசை முழுக்கச் சாய்ந்துகொண்டே போனது. கண்ணாடிகளில் இருந்த இலைகளும் வானமும் ஒவ்வொன்றாகப் புரண்டன. கடைசியில் நின்ற பெரிய மோட்டார் சைக்கிள் மட்டும் கொஞ்சம் யோசித்தது. அப்புறம் அதுவும் ‘சரி’ என்று படுத்துவிட்டது. (பார்க்க அழகாகத்தான் இருந்தது. அன்றைக்கு அதை யாரிடமும் சொல்லவில்லை.)

ஒரு ரயில் வந்து ஆட்களை இறக்கியது. வசந்தி ஆட்டோவில் வந்து இறங்கினாள், தலையைக்கூட முடியாமல். என்னைப் பார்த்தாள், நனைந்து நிற்கிறேன். வண்டிகளைப் பார்த்தாள், படுத்திருக்கின்றன.

"உசுரோட கீறாரு, அண்ணி!" என்று மணி சாட்சி சொன்னான். "நான்தான் தண்ணி அட்ச்சி எழுப்னேன்."

"இன்னாய்யா இது, எவன்யா என் வண்டிய சாச்சது?" என்று ரயிலில் இருந்து இறங்கியவர் ஒருவர் பாய்ந்தார்.

"ஆளு செத்துப் பொழச்சிக்கீறாரு, உனக்கு வண்டி கேக்குதா?" என்று மணி எனக்காகச் சண்டைக்குப் போனான். செத்துப் பிழைத்த நான் ஒற்றைக் கையால் முதல் வண்டியை நிமிர்த்தப் பார்த்தேன். யாரோ ஓர் அம்மா கோயில் விபூதியை என் ஈர நெற்றியில் பூசினார். அது வழிந்து கண்ணுக்குள் போனது.

இத்தனைக்கும் நடுவில் கையில் இருந்த ஃபோன் கத்திக்கொண்டிருந்தது. "பாஸ்கரு, ஆள் வந்துச்சா? இன்னாடா ஆச்சு? டேய், இருக்கியாடா?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. வாழ்நாளில் கத்தாத கத்து கத்தினேன்: "இருக்கேன் மாமா! இருக்கேன்!"

அண்ணனூர் முழுக்கக் கேட்டது. ஷெட்டில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். மாமாவுக்கு மட்டும் கேட்கவில்லை. பட்டன் அமுக்கியபடியே இருந்தது. "ஐயோ, இருக்கேன் மாமா!" என்று நான் மறுபடி மறுபடி கத்த, அவர் அங்கே, "இருக்கியாடா?" என்று கத்த, அம்பத்தூரில் இருந்து வந்து சேர்ந்த கீர்த்தனா கூட்டத்தை விலக்கி, என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கி, ஒரு விரலால் அந்தக் கோடு போட்ட பட்டனை எடுத்துவிட்டாள்.

"…இருக்கேன் மாமா" என்றேன். அதற்குள் குரல் வழக்கமான அளவுக்கு இறங்கிவிட்டது.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும் சத்தம். அப்புறம் மாமா சொன்னார்:

"ம்."

லைனை வைத்துவிட்டார்.

மறுநாள் மருத்துவமனையில், "அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் இவரை யார் இப்படிக் கத்த விட்டது?" என்று டாக்டர் கேட்டபோது, எல்லாரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். சாய்ந்த வண்டிகளுக்காக ஸ்டாண்டுக்காரர் என்னைத் திட்டியது தனி. அதெல்லாம் வலிக்கவில்லை. பதிவைக் கேட்டதுதான் வலித்தது. மழை இருந்தது. மணி அடித்தது. சம்மட்டி நின்றது. "இன்னா சொன்னான் தெரியுமா?" வரைக்கும் இருந்தது. அப்பா வரவில்லை. அவர் பேசுவதற்கு என்னுடைய ஒரே ஒரு ‘ம்’ தேவைப்பட்டது. என்னிடம் இருந்த ஒரே சொத்து அது. அதைத்தான் நான் பூட்டி வைத்திருந்தேன்.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சில வாரங்களுக்கு வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. ஞாயிற்றுக்கிழமை வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் நானே ஃபோன் செய்தேன். எடுத்தார். இரண்டு பக்கமும் அமைதி. யாராவது பேச வேண்டுமே! அவரால் முடியாது. மீதி இருந்தது நான். "மாமா… இன்னிக்கி ஸ்டாண்டுல ஒரு பூனை, சீட்டு மேல குட்டி போட்டுருச்சு" என்றேன். மூக்கு வழியாக, மெல்லிசாக, ஒரு ‘ம்?’ வந்தது. மேலே ஏறுகிற ‘ம்’. அதைக் கேட்டதும் எனக்கு என்ன ஆனதோ, பூனையைப் பற்றியே ரொம்ப நேரம் பேசினேன். வசந்தி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டு, மகளிடம், "உங்கப்பாவுக்குக் காய்ச்சலான்னு தொட்டுப் பாரு" என்றாள். அந்த வாரங்கள் முழுக்க நான் கதை சொன்னேன், மாமா ‘ம்’ கொட்டினார். என்னைவிட நன்றாகவே கொட்டினார். முப்பது வருடமாக மற்றவர்கள் பேசுவதைக் கேட்ட காது இல்லையா?

உத்தரவு முடிந்த பிறகு முதல் ஃபோன் வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். எங்களோடு இருக்கிற அம்மாதான் எடுத்தாள். நான் துண்டோடு வெளியே வந்தபோது, கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து நின்றிருந்தாள். முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்தியிருந்தாள். முட்டி வலிக்காரி, சாதாரணமாக யார் வந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். ஃபோனைப் பார்த்து, "ம்… சொல்லுங்க" என்றாள்.

"யாரும்மா?" என்றேன்.

"தணிகா" என்று ஃபோனை நீட்டினாள். தம்பிக்குப் போய் எழுந்து நின்றிருக்கிறாள், தம்பியைப் போய் ‘சொல்லுங்க’ என்றிருக்கிறாள். அது அப்போதுதான் அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். வெட்கத்தோடு சிரித்தாள். "கொரலு மாறிடுச்சுடா. உங்கப்பாரு மாதிரியே கரகரன்னு கீது."

"அப்பா குரல் கரகரன்னா இருக்கும்?"

"பின்ன? புகையும் சூடும் தின்ன தொண்ட. உன் மாமன் பேசிக் காட்டறது தேனாட்டம் இருக்கும். உனக்கு அது புடிச்சிருந்துச்சு. நான் ஏன் கெடுக்கணும்னு வுட்டுட்டேன்."

ஃபோனைக் காதில் வைத்தேன். விளக்கெண்ணெய் எல்லாம் போய்விட்டது. அந்தப் பக்கம் மணல் மேல் இரும்பை இழுக்கிற மாதிரி ஒரு குரல்.

"இருக்கியா?"

என் ஈர முதுகில் யாரோ கை வைத்தார்கள்.

"ம்" என்றேன்.

"கத பாதில நிக்குதுடா. எடுத்ததும் உங்கப்பன், ‘இருக்கியா மச்சான்? கொழந்த நல்லா சத்தமா அழுதுச்சா?’ன்னான்."

"ம்?"

"‘இல்ல மச்சான், ‘ம்’னு மட்டும் சொல்லிச்சாம்’னேன்."

(கடைசி வரி அன்றைக்கு மாமா புதிதாகச் சேர்த்துக்கொண்டது என்று எனக்குச் சந்தேகம். கேட்கவில்லை.) சாயங்காலம் கீர்த்தனா விஷயம் தெரிந்து ஓடி வந்து, "ரெக்கார்டு பண்ணியாப்பா?" என்றாள். பண்ணவில்லை. துண்டோடு நின்றவன் எந்தப் பட்டனையும் தொடவில்லை. அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அடித்துக்கொண்டவள் சும்மா இருக்கவில்லை. அந்த மதியத்துப் பதிவில் இருந்து மாமாவின் பழைய குரலை வெட்டி, என் ஃபோனுக்கு ரிங்டோனாக வைத்துவிட்டாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது கதை சொல்ல ஆரம்பித்தால், முதலில் என் பக்கம் திரும்பி, "பட்டன எடுத்துட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார்கள். மாமாவின் ஃபோனுக்கு அம்மா இன்னமும் பாதி எழுந்து, ஞாபகம் வந்து உட்காருகிறாள்.

ஸ்டாண்டில் வண்டிகள் தூங்குகிற மதிய நேரத்தில் என் சட்டைப் பையில் இருந்து அந்த வழவழப்பான குரல் நடுங்கிக்கொண்டே கிளம்பும்: "பாஸ்கரு… டேய் பாஸ்கரு… இருக்கியாடா?"

நான் எடுப்பதற்குள், பாத்திரம் கழுவுகிற கையோடு மணி எதிர்க் கடையில் இருந்து கத்துவான்:

"கீறாரு மாமே, கீறாரு! உசுரோடதான் கீறாரு!"